பலகையில் இருக்கும் கை

எங்கள் ஊர் முகப்பில் ஒரு பலகை நிற்கிறது. மூன்று மொழியிலும் ‘பசுமைக் கிராமம்’ என்று எழுதி, கீழே ஐந்தாறு சின்னங்கள் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு படம். கறுத்த மண்ணை அள்ளி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. வெயிலில் எழுத்தெல்லாம் வெளிறிவிட்டது. சின்னங்களில் இரண்டு உரிந்து காற்றில் போய்விட்டன. கை மட்டும் அப்படியே இருக்கிறது.

அது யாருடைய கை என்று பலகையில் இல்லை. எனக்குத் தெரியும். பெருவிரல் நகம் பாதி இல்லாத கை அது. அகதி முகாமில் விறகு கொத்தும்போது போன நகம். அந்தக் கையை நான் எத்தனையோ நாள் வேலிக்கு மேலால் கண்டிருக்கிறேன், பெரும்பாலும் என் குப்பை வாளிக்குள்.

பலகை வைத்த அன்று பெயர் போடவில்லையே என்று நான் சத்தம் போட்டேன். அக்காதான் என்னை அடக்கினார்.

“என்ர பேரை முதல்ல காணியில எழுதட்டும் பிள்ளை. அதுக்குப் பிறகு பலகையில எழுதலாம். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு இடத்திலயும் எழுத வேண்டாம்.”

அதனால் நானும் இதில் அந்தப் பெயரை எழுதவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. கோபம் நிறைய இருக்கிறது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கண்ணில் நம்பிக்கை இல்லை, காதில் அறவே இல்லை. கையை விட்டுப் பார்த்தால்தான் நம்புவார். முகாமில் பருப்பு மூடை வந்து இறங்கியபோது, “முதல் தரமான பருப்பு” என்று பொறுப்பாளர் சொல்லிக்கொண்டு நின்றார். அக்கா வரிசையை விட்டுப் போய், முழங்கை வரைக்கும் மூடைக்குள் கையை இறக்கி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அவருடைய திறந்த பதிவுப் புத்தகத்தின் மேல் பரப்பினார். பருப்பு நடந்தது. அவ்வளவு வண்டு.

“மேலால பாத்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும் ஐயா” என்றார்.

அன்றைக்குத்தான் நான் அவரை முதலில் கண்டேன். இரண்டு வருடம் கழித்து, மீள்குடியேற்றத்தில் இந்தத் தீவுக்கு, இடம்பெயர்ந்த இடத்தில் நான் கட்டின என் மனிசனின் ஊருக்கு, வந்தபோது, என் காணிக்கு அடுத்த காணியில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு நின்றது அதே ஆள். இந்த மனிசி பக்கத்திலா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பொய் சொல்லமாட்டேன்.

எங்களுக்குக் காணிப் பத்திரம் இருந்தது. என் மனிசன் ஓடின ஓட்டத்திலும் அதைப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் கட்டியே வைத்திருந்தார். அக்காவின் பத்திரம் இடம்பெயர்வில் போனது. புருசனும் அதே ஓட்டத்தில் செத்துப்போனார்; ஒரு மகள், கலியாணம் செய்து வேறு ஊரில். இருந்த கல்வீடு தரைமட்டம். நின்ற தென்னைக்கும் பனைக்கும் அடிக்கட்டையே இல்லை. சண்டையில் காப்பரண் கட்டத் தறித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

காணி உத்தியோகத்தர் வந்தார். மரத்தை எண்ணினால்தான் குடியிருந்த காணி என்று நம்பும் சாதி. கொட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “மரம் ஒண்டும் இல்லையே அம்மா, இது வெறுங்காணி” என்றார்.

“மரத்தை நான் தறிக்கேல்லையே ஐயா.”

“அதை நான் கேக்கேல்லை. ஒரு வருசத்துக்குள்ள பயிர் வைச்சுக் காணியை அபிவிருத்தி செய்தால் உங்கட பேரில எழுதலாம். இல்லாட்டி வேற ஆக்களுக்குக் குடுக்கவேண்டி வரும்.”

கையிலிருந்த படிவத்தில் அவர் ஒவ்வொன்றாக நிரப்பினார். கட்டடம் என்ற இடத்தில் தற்காலிகக் கொட்டில். மரம் என்ற இடத்தில் இல்லை. மண்ணின் வகை என்ற இடத்தில் மணல். அக்கா எட்டிப் பார்த்து அந்த ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

“நீங்களே மணல் எண்டு எழுதுறியள். மணல்ல மரம் எப்பிடி ஐயா வரும்?”

“அது உங்கட கெட்டித்தனம்” என்றார் அவர்.

 எங்கள் மணல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் சொன்ன கதை இல்லை அது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஊற்றின இடம் தெரியாது. சீனி மாதிரி வெள்ளை மணல்.

அந்த நேரத்தில்தான் குப்பையில் பசளை செய்யும் திட்டம் ஊருக்குள் வந்தது. வீட்டுக்கு ஒரு பச்சைப் பீப்பா, ஒரு துண்டுப் பிரசுரம், மாதா கோயில் மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி. பயிற்சி தந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அது படித்தது வேறு ஊர் மண்ணை. மழைத் தண்ணீர் தேங்காமல் மேடான இடத்தில் குவிக்க வேண்டும் என்றது. இங்கே தேங்க மழை எங்கே? மீன் கழிவு போடக்கூடாது என்றது. மண்டபமே சிரித்தது.

“மீனைப் போடாட்டி, தங்கச்சி, எங்கட வாளிக்குள்ள கைபிடி மட்டும்தான் இருக்கும்” என்றேன் நான். அக்கா சிரிக்கவில்லை. முன்வரிசை வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடியச் சோற்றுப் பார்சல் தந்தார்கள். பொலித்தீன் தாளில் சுற்றின சோறு, பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர். திட்ட அதிகாரிகள் சாப்பிட்ட பார்சல்களை மண்டபத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டு வாகனத்தில் ஏறினார்கள். அக்கா அவற்றைப் பொறுக்கி, மிச்சச் சோற்றைத் தன் வாளிக்குள் உதறி, தாளையும் போத்தலையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் வாகனத்தின் பின் இருக்கையில் வைத்தார்.

“என்னம்மா இது?”

“உங்கட பாடம் தம்பி. உக்கிறது வேற, உக்காதது வேற எண்டு நீங்கள்தானே சொன்னியள். உக்கிறதை நான் எடுத்திட்டன். மற்றது உங்களோட வரட்டும்.”

பீப்பாக்களுக்கு என்ன நடந்தது என்றால், அடியில் ஓட்டை இருந்ததால் தண்ணீர் பிடிக்க உதவவில்லை. என் பீப்பாவில் கோழி அடை கிடந்தது. சிலர் வலை போட்டு வைத்தார்கள். அக்கா மட்டும் பிரசுரத்தில் சொன்னபடி மேட்டில் குவித்தார். எட்டாம் நாள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “காயப்போட்ட மிளகாய் மாதிரிக் கிடக்கு” என்று எல்லாவற்றையும் தட்டிவிட்டார். பிறகு தலைகீழாகச் செய்தார். மேட்டுக்குப் பதிலாக முழங்கால் ஆழத்தில் கிடங்கு. அடியிலும் பக்கத்திலும் ஈரச் சாக்கு விரித்தார். ஒரு படை காய்ந்த வேப்பிலை, பூவரசிலை. ஒரு படை வீட்டுக் குப்பை. ஒரு படை கழுதைச் சாணம். மேலே மறுபடியும் சாக்கு, அதற்கு மேல் காகமும் கழுதையும் கிளறாமல் பழைய வலை. நிழல் வேண்டும் என்று என் பூவரசுக்குக் கீழே, எங்கள் வேலியோடு ஒட்டிக் கிடங்கை வெட்டினார்.

சாணத்துக்கு அவர் மாடு தேடிப் போகவில்லை. எங்கள் தீவில் கழுதைக்கா பஞ்சம்? ஓலைக் கடகத்தோடு அவற்றின் பின்னால் தெருத்தெருவாகப் போனார். ஆட்கள் பகிடி பண்ணினார்கள். நானும்தான்.

“அக்கா, இண்டைக்கு எந்தக் கழுதையோட ஊர்வலம்?”

“காணிக் கந்தோர் வாசல்ல நிக்கிறதிலும் பாக்க இது திறம், பிள்ளை. இது தின்னுறதுக்கு ஏதாவது திருப்பித் தருது.”

பகிடி ஒரு மாதத்தில் முடிந்துபோனது. மணம் தொடங்கியது. குசினிக்குள் நின்று சமைக்க முடியவில்லை. ஈயும் இலையானும் சோற்றில் வந்து குந்தின. வேலிக்கு மேலால் நான் கேட்காத கேள்வி இல்லை, சொல்லாத சொல் இல்லை. கடைசியில் சுகாதாரப் பரிசோதகருக்கு முறைப்பாடு எழுதினேன். ஓம், நான்தான். அவர் வந்து லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடங்கைப் பார்த்தார். “கையை விட்டுப் பாருங்கோ ஐயா, கொதிக்குது” என்று அக்கா கூப்பிட்டார். அவர் இரண்டடி பின்னால் போய், மூடிவைக்கச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

அன்று பின்னேரம் அக்கா வேலிக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நானும் சீலையைச் செருகிக்கொண்டு போனேன்.

“முறைப்பாடு குடுத்தது நீதானே?”

“ஓம். இப்ப என்ன?”

“நல்லது. மணக்குதெண்டால் எங்கயோ பிழை இருக்கு. எனக்கு மூக்கு மரத்துப்போச்சு. இனி உன்ர மூக்கைத்தான் நம்ப வேணும். மணக்கிற நேரம் என்னைக் கூப்பிடு, நான் பிரட்டி விடுறன்.”

 அடுத்த நாளே என் வாளியை வேலிக்கு மேலால் நீட்டினேன். வெட்கத்தில் கொடுத்தது. வெட்கத்தில் கொடுக்கும்போது கூடுதலாகக் கொடுப்போம் அல்லவா? மீன் கழுவின தண்ணீர், கருவாட்டுச் சாடியில் வடியும் தண்ணீர், எல்லாவற்றையும் கொடுத்தேன். முருங்கைக்கு மீன் கழுவின தண்ணீர் ஊற்றுவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நல்லது என்று நினைத்தே கொடுத்தேன். பிள்ளைகுட்டியின் தாகத்துக்கே தண்ணீர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். கிடங்கு காயாமல் இருக்க என் தண்ணீர் உதவுகிறது என்று அக்காவும் சந்தோசப்பட்டார். ஒழுங்கையில் மற்றப் பெண்களும் என்னைப் பார்த்துத் தொடங்கினார்கள்.

மாரி மழையோடு அக்கா தேசி, மாதுளை, பப்பாசி, முருங்கை, தென்னம்பிள்ளை எல்லாம் அந்தப் பசளையில் நட்டார். மூன்று கிழமை. இலையின் ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகி, நடுவுக்கு வந்து, செடி செடியாக நின்ற நிலையில் காய்ந்தது. தென்னம்பிள்ளை இரண்டு மட்டும் தப்பியது.

அந்த மாதம் காணி உத்தியோகத்தர் வந்தார். காய்ந்த குச்சிகளை எண்ணமாட்டார்கள். “வெறுங்காணிதானே அம்மா இன்னும்” என்றார். பிறகு பெரிய மனதோடு, “சரி, இரக்கப்பட்டு இன்னுமொரு வருசம் தாறன். அதுதான் கடைசி” என்றார். அவருடைய வீட்டுக் காணியைத் தருவதுபோல்.

வாகனம் போனபின் அக்கா செடியின் அடியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தார். பிசைந்து பார்த்தார். மணந்து பார்த்தார். பிறகு ஒரு துளியை நாக்கில் வைத்தார்.

“பிள்ளை, இஞ்ச வா. வாயைத் திற.”

“விசரே அக்கா?”

“திற எண்டால் திற.”

கருவாட்டுச் சாடியின் அடியை நக்கியதுபோல் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அது என் வாளி. மாதக்கணக்காக நான் ஊற்றின உப்பு. கடல் மீனைக் கடல் தண்ணீரிலேயே கழுவி, உப்பில் போட்டு, அந்தத் தண்ணீரைப் பசளைக் கிடங்கில் ஊற்றும் புத்தி எங்கள் கரையைத் தவிர வேறு எங்கும் இருக்காது. நான் அழுதேன். அக்கா திட்டவில்லை. “நானும்தான் கையை மட்டும் விட்டுப் பாத்தன். நாக்கை விடேல்லை” என்றார்.

அடுத்தது தவக்காலம். சாம்பல் புதன் அன்று கோயிலில் பங்குச் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்குத்தான் திரும்புவோம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவின் முறை வந்தது. பின்னால் நான்.

“எந்த மண்ணுக்குச் சுவாமி? இஞ்ச மணல்தானே கிடக்கு” என்றார் அக்கா.

சுவாமியின் கை சாம்பலோடு அந்தரத்தில் நின்றது. பின்னால் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பூசிவிட்டார்.

தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் மச்சம், மீனோ இறைச்சியோ, இல்லை. நாற்பது நாள் மரக்கறிதான். பள்ளிமுனைப் பக்கமிருந்து வரும் மரக்கறிக்காரனுக்கு அப்போதுதான் எங்கள் ஒழுங்கை கண்ணில் தெரியும். மூன்றாம் நாள் அக்கா என் வாளிக்குள் கையை விட்டார்.  வாழைக்காய்த் தோல், பூசணிக் குடல், வெங்காயச் சருகு, கீரைத்தண்டு, தேங்காய்ப்பூச் சக்கை. மீன் செதில் ஒன்றுகூட இல்லை. கையை எடுத்து நாக்கில் வைத்தார். 

“உப்பில்லை பிள்ளை!” என்று கத்தினார். அந்த மனிசி கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பழைய கிடங்கை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினார். ஒழுங்கையில் பதினாலு வீடு. நாற்பது நாளும் பதினாலு வீட்டு வாளியும் அந்தக் கிடங்குக்குப் போனது. ஈரத்துக்கு மீன் தண்ணீர் இல்லை, அரிசி கழுவின தண்ணீர். கிழமைக்கு ஒரு பிரட்டல். பிடித்துப் பிழிந்து பார்ப்பார். விரலிடுக்கில் ஒரு துளி கசிந்தால் போதும், ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. என் மூக்குக்கு ஒருநாளும் வேலை வரவில்லை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மீன் திரும்பி வந்தபோது, எல்லா வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டார். மச்சத்துக்கு ஒரு வாளி, மரக்கறிக்கு ஒரு வாளி. மச்ச வாளி தென்னைக்குக் கீழே ஆழமாகத் தோண்டித் தாழ்க்க. மரக்கறி வாளி கிடங்குக்கு. மாறிப் போட்டவளுக்குத் தெருவில் வைத்துக் கிழி விழும்.

இதில் எங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. குப்பைக்குள் கையை விடுகிறவருக்கு வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும். யார் வீட்டில் விருந்தாளி, யார் இரகசியமாகக் கோழி அடித்தது, யார் வீட்டில் புருசன் சாராயத்துக்குத் தேசிக்காய் பிழிகிறான், எல்லாம். ஒருமுறை எங்கள் வள்ளத்தின் இயந்திரம் பழுதாகி மனிசன் தொழிலுக்குப் போகாமல் கரையில் கிடந்தார். நான் அதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வாளியில் வேப்பிலையைக் கூட்டிப்போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு வேலியை விட்டு அசையவில்லை.

“மூண்டு நாளா உன்ர வாளியில ஒரு வெங்காயத் தோல் இல்லை.”

“நாங்கள் ஒருசந்தி நோன்பு அக்கா.”

“மாதா நாலு பிள்ளையளையும் சேத்தோ ஒருசந்தி இருக்கச் சொன்னவ? பொய் சொல்லாதை. வாளி பொய் சொல்லாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தால் ஒரு சட்டி புட்டும் முருங்கையிலை வறையும் வேலியில் இருந்தது. ஆள் அங்கே இல்லை. சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே திட்டினேன்.

ஆடியில் மடு மாதா திருவிழாவுக்குப் போகும் நேரம் கிடங்கைத் திறந்தார். கறுப்பு. முதல் மழை விழுந்த மணம். அதை மணலோடு கலந்து கிடங்கு கிடங்காக நிரப்பி, மாரிக்கு மறுபடி நட்டார். உத்தியோகத்தர் வருடம் கழிந்து எட்டு மாதம் பிந்தித்தான் வந்தார். கந்தோரின் சுணக்கம் எங்களுக்கு உதவி செய்தது அந்த ஒரு முறைதான். அவர் வரும்போது முருங்கை கொட்டிலுக்கு மேல். பப்பாசி காய்த்திருந்தது. தேசியும் மாதுளையும் இடுப்பளவு. எண்ணி எண்ணி எழுதினார்.

“பாத்தியளே அம்மா, முயற்சி செய்தால் எல்லாம் வரும்” என்றார். எனக்கு முருங்கைக் கொப்பை முறித்து அவருக்கு வீசவேண்டும்போல் இருந்தது.

பிறகு திட்டக்காரர் வந்தார்கள். வெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புகைப்படக்காரர் அக்காவை மண்ணை அள்ளி நீட்டச் சொன்னார். முகம் வேண்டாமாம், கை போதுமாம். அக்கா அன்றைக்குச் சந்தோசமாகத்தான் நீட்டினார். காணிப் பத்திரம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு.

இரண்டு மாதத்தால் வந்தது வேறு கடிதம். ஊருக்குப் பொதுவான பசளை நிலையம் ஒன்று அமைக்க இந்தக் காணி தெரிவு செய்யப்பட்டிருக்கிறதாம். தெருவோரம், நல்ல மண், காய்க்கும் மரங்கள், வந்து பார்க்கிறவர்களுக்கும் வசதி. அக்காவுக்கு மாற்றுக் காணி தருவார்களாம், உப்பு வயல் பக்கம். வெறுங்காணி என்று இரண்டு வருடம் பேரில் எழுதவில்லை. காணி ஆனதும் ஒரு ஆளுக்கு இது அதிகம் என்கிறார்கள். இதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

நாங்கள் ஆறேழு பெண்கள் அக்காவோடு கந்தோருக்குப் போனோம். இருக்கக் கதிரை தரவில்லை. அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

“ஐயா, என்ர காணிப் படிவத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளே?”

உத்தியோகத்தர் படிவக் கோவையை எடுத்தார். “கட்டடம், தற்காலிகக் கொட்டில். மரம், முருங்கை ஆறு, பப்பாசி நாலு, தேசி மூண்டு, மாதுளை ரெண்டு, தென்னம்பிள்ளை ரெண்டு...”

“மண்?”

அவர் ஒரு பக்கத்தைப் பின்னால் புரட்டினார். “மணல்.”

“அதை மாத்தி எழுதேல்லையோ?”

“அது மாறாது அம்மா. மண்ணின்ர வகை ஒருக்காத்தான் எழுதுறது.”

“நல்லது ஐயா. உதில உள்ளபடியே ஒப்படைக்கிறன்.”

வெளியில் வந்து தெருவில் வைத்து எங்களிடம் கேட்டார். “பிள்ளையள், சாக்கு எத்தினை சேரும்?”

மூன்று நாள் வேலை. அக்கா ஒரு மரத்தைக்கூடத் தறிக்கவில்லை. எண்ணி எழுதின மரம் அவர்களுடையது, நிற்கட்டும் என்றார். மரத்தின் அடியிலிருந்தும் பாத்தியிலிருந்தும் கிடங்கிலிருந்தும் கறுத்த மண் முழுவதையும் வெள்ளை மணல் தெரியும்வரை தோண்டி எடுத்தோம். பதினாலு வீட்டுப் பெண்களும் நின்றோம். யாரும் கூப்பிடவில்லை. “என்ர வாழைக்காய்த் தோல் இதுக்குள்ள கிடக்கு, நான் வராமல் ஆர் வாறது?” என்றாள் ஒருத்தி. சாக்கிலும் மீன் கூடையிலும் கட்டி, என் மனிசன் பிடித்துக் கொடுத்த லான்ட்மாஸ்டர் வண்டியில் நாலு நடை உப்பு வயல் பக்கம் கொண்டுபோனோம்.

திறப்புவிழா அன்று பெரிய ஆட்கள் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். ஊர் முகப்பில் பலகை தயார். ரிப்பன் கட்டியாயிற்று. உள்ளே போனால் குழி குழியாக வெள்ளை மணல், வேர் தெரிய நாலு பப்பாசி, சரிந்துபோய் நிற்கும் தேசி. திட்ட அதிகாரி வேர்த்து விறுவிறுத்துப்போய் அக்காவின் புதுக் கொட்டிலுக்கு ஓடி வந்தார். நாங்களும் அங்கேதான் நின்றோம்.

“அரச சொத்தைக் களவெடுத்ததெண்டு பொலிசில போடுவன்!”

“போடுங்கோ தம்பி. என்னத்தைக் களவெடுத்தன் எண்டு எழுதுவியள்? குப்பையையோ? படிவத்தில மணல் எண்டு இருக்கு. மணல் முழுக்க அங்கதான் கிடக்கு. ஒரு பிடி குறைஞ்சால் வந்து சொல்லுங்கோ.”

அவர் வாகனத்துக்குத் திரும்பிப் போனார். முறைப்பாடு போடவில்லை. பசளை நிலையமும் வரவில்லை. அந்தக் காணி இப்போது கழுதைகள் படுக்கும் இடம். பலகை மட்டும் அச்சடித்த பாவத்துக்கு நிற்கிறது.

வென்றுவிட்டோம் என்று நான் எழுதப்போவதில்லை. உப்பு வயல் பக்கத்து நிலம் மணலைவிட மோசம். கோடையில் வெள்ளையாகப் பூக்கும். அக்கா அங்கேயும் மேடு கட்டி, கொண்டுபோன மண்ணை அதற்கு மேல் போட்டு, மறுபடி வாளியோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். கிழமைக்கு மூன்று நாள், சைக்கிளில் இரண்டு வாளி கொழுவிக்கொண்டு, வெயிலுக்குள். மாற்றுக் காணிக்கும் பத்திரம் வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த நடமாடும் சேவை, அடுத்த உத்தியோகத்தர். ஒவ்வொருவரும் வந்து மரம் எண்ணினார்கள். ஆறு வருடம் எண்ணினார்கள். பிறகு அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் முடிந்தது. தீவுக்கு வெளியே பெரியநாட்டுப் பக்கம் கலியாணம் செய்து போயிருந்த அக்காவின் மகள் வந்து சேரும்போது பெட்டி மூடியாயிற்று.

அடக்கம் செய்யும் எங்கள் சேமக்காலையும் மணல்தான். நான் அன்று காலையில் அக்காவின் கிடங்குக்குப் போய்க் கறுத்த மண்ணில் ஒரு மீன் கூடை நிரப்பிக்கொண்டு வந்தேன். குழி வெட்டினவர் பார்த்துவிட்டு, “இதென்ன அக்கா, குப்பையோ?” என்றார்.

“ஓம்” என்றேன்.

சுவாமி அதே சுவாமிதான். செபம் முடிந்து, முதல் பிடி போடுவதற்கு மணலில் குனிந்தவர் என் கூடையைக் கண்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளை அங்கியின் கையை மேலே தள்ளிவிட்டு, கூடைக்குள் மணிக்கட்டு தாழக் கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, பிழிந்து பார்த்து, குழிக்குள் போட்டார். பின்னால் பதினாலு வீட்டுப் பெண்களும் வரிசையில் வந்து போட்டார்கள். கூடை காலியாகும் வரைக்கும் மணல் விழவில்லை.

ஏழாம் நாள் சிலுவை நட்டார்கள். வெள்ளைப் பூச்சில் கறுத்த எழுத்தில் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. வந்தவர்களில் ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்று, “கடைசியில மனிசியின்ர பேர் ஒரு காணியில எழுதியாச்சு” என்று பெருமூச்சு விட்டார். ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

காணியில் எழுதினபிறகு பெயரை எங்கும் எழுதலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். ஆறடியைக் காணி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காணிப் பத்திரத்தில் எழுதட்டும், மகளின் பேரில் கொடுத்தாலும் அதற்கு முன்னால் தாயின் பெயரையாவது எழுதட்டும். அதுவரைக்கும் இதிலும் அந்தப் பெயர் வராது.